பெயரில்லாத மூன்றாமவர்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த ஆய்வு மாணவி ஒருவர் கடல்சார் வரலாற்றைத் தேர்ந்தெடுத்தபோது, மலையில் பிறந்தவருக்குக் கடலில் என்ன வேலை என்று உறவினர் கேட்டனர். அவரை அத்துறைக்கு இழுத்தது 'சிட்னி கோவ்' என்னும் கப்பலின் கதை.

1796 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து சாராயம் முதலிய சரக்குகளுடன் சிட்னிக்குப் புறப்பட்ட கப்பல் அது. மாலுமிகளில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியர். வழியில் கப்பல் ஒழுகத் தொடங்கியது. தென்கடலின் குளிரில் இரவும் பகலும் நீரிறைத்த லஸ்கர் சிலர் மாண்டனர். 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே ஒரு சிறு தீவின் அருகே கப்பல் தரைதட்டியது.

1977இல் முக்குளிப்போர் அதன் எச்சங்களைக் கண்டனர். பின்னர் தொல்லியலாளர்கள் தடித்த ரப்பர் உடை அணிந்து அக்குளிர்நீரில் மூழ்கி, மணலை மெல்ல மெல்ல அகற்றி அகழ்ந்தனர். வெப்பக் கடல்களில் கப்பற்புழு மரத்தை விரைவில் தின்றுவிடும். இங்கோ குளிரும் மணற்போர்வையும் கப்பலின் அடிப்பகுதியையும் மூடி திறவாத புட்டிகளையும் காத்திருந்தன. அப்புட்டிகளில் இருந்த நொதியைச் சுமார் 220 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் மீண்டும் உயிர்ப்பித்தனர்.

மனிதர்களின் கதி வேறு. உதவி தேடிப் படகில் சென்ற 17 பேரில் 12 பேர் லஸ்கர்கள். அப்படகும் ஆஸ்திரேலியக் கரையில் உடைந்தது. இரண்டு மாதங்களில் 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 1797 மே மாதம் மீட்கப்பட்டவர் மூவர் மட்டுமே. வில்லியம் கிளார்க், ஜான் பென்னட் என இருவருக்குப் பெயர் உண்டு. மூன்றாமவர் பெரும்பாலான நூல்களில் வெறும் 'ஒரு லஸ்கர்'.

அவ்வரியை வாசித்த நாளில் மாணவிக்குத் தம் முப்பாட்டனார் காலத்துப் பெரட்டு ஏடு நினைவுக்கு வந்தது. அதில் கங்காணியின் பெயர் இருந்தது. அவர் பின்னால் மலையேறி வந்தவர்கள் ஆள்கணக்காக மட்டுமே இருந்தனர்.

ஒரு நொதியைக் கூடக் காத்துத் தந்தது கடல். பெயர்களை எழுதாமல் விட்டது ஏடு. எழுதப்படாததை எந்த ஆழத்தில் மூழ்கியும் எடுக்க இயலாது. ஆயினும் பாட்டிமார் நினைவில் இன்னும் சில பெயர்கள் எஞ்சியுள்ளன. இவ்விடுமுறையில் மாணவி ஒலிப்பதிவுக் கருவியுடன் மலையேறியிருக்கிறார்.