வெயில் உராயும் சுவர்: கோஷினோ வீட்டின் கான்கிரீட்

ஜப்பானில் ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே உள்ள ஆஷியாவின் மலைச்சரிவில், ஆடை வடிவமைப்பாளர் ஹிரோகோ கோஷினோவுக்காகக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ எழுப்பிய வீடு, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் இரண்டு கான்கிரீட் பெட்டிகளால் ஆனது. 1981-இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பெட்டிகள், அங்கே ஏற்கெனவே நின்ற மரங்களுக்கு இடம்விட்டு, சரிவுக்குள் பாதி புதைந்து அமைந்திருக்கின்றன. ஒன்றில் இரண்டு மாடி உயரமுள்ள கூடம் இருக்கிறது. மற்றொன்று ஆறு சிறு அறைகளை வரிசையாகக் கொண்டு கட்டப்பட்டது. மண்ணுக்கடியில் செல்லும் நடைவழி இரண்டையும் இணைக்கிறது.

அந்தக் கூடத்தின் கூரை சுவர் வரை வந்து, அதைத் தொடாமல், நீளவாக்கில் ஓர் ஒடுங்கிய பிளவை விட்டு நின்றுவிடுகிறது. கண்ணாடியால் மூடப்பட்ட அப்பிளவின் வழியாக இறங்கும் வெயில் சுவரை நேருக்கு நேர் அறையாமல், அதன் முகத்தை ஒட்டி உராய்ந்தபடி கீழே வருகிறது. இவ்வாறு சாய்வாக உராயும் ஒளி இரக்கமற்றது. சுவரோடு 5 பாகை கோணத்தில் வரும் கதிர், 1 மில்லிமீட்டர் புடைப்புக்கு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீள நிழலைத் தருகிறது. ஆகவே மற்ற வெளிச்சத்தில் எவர் கண்ணுக்கும் படாத பிசிறு அங்கே வடுவாகத் தெரியும். கதிரவன் ஒரு புள்ளியாக இல்லாமல் வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டாகத் தோன்றுவதால், நிழலின் ஓரமும் தொலைவுக்கேற்பக் கலங்குகிறது: கூரை விளிம்பிலிருந்து 3 மீட்டர் தொலைவில், கதிருக்குக் குறுக்காக அளந்தால், அந்தக் கலங்கல் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலே கத்தி வெட்டாக இருக்கும் நிழல் கீழே வரவர மென்மையாவதன் காரணம் இதுவே. சுவரின் உயரத்தை முடிவு செய்பவர் நிழலின் மென்மையையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

இத்தகைய வெயிலைத் தாங்கும் சுவரை உருவாக்குவது அச்சுப்பலகை வேலை, அதாவது ஈரக் கான்கிரீட்டை ஊற்றுவதற்கு முன் அதன் வடிவத்தில் பலகைகளை நிறுத்திக் கட்டும் ஷட்டரிங். ஆண்டோவின் சுவர்களில் காணப்படும் பலகைத் தடங்கள் பெரும்பாலும் 900-க்கு 1,800 மில்லிமீட்டர் அளவிலானவை. டடாமி பாய் ஒன்றின் அளவுக்கு நெருங்கியவை. ஒவ்வொரு தடத்திலும் தெரியும் வட்டக் குழிகள், இருபுறப் பலகைகளும் கான்கிரீட்டின் எடையால் விலகிவிடாமல் இழுத்துப் பிடித்த கம்பிகளின் முனைகள் இருந்த இடங்கள். இணைப்பில் மயிரிழை சந்து இருந்தாலும் சிமென்ட் பால் அதன் வழியே கசிந்து, அவ்விடத்தில் மணலும் சல்லியும் மட்டும் எஞ்சும். வைப்ரேட்டர் ஓரிடத்தில் குறைவாக ஓடினால் காற்றுக் குமிழிகள் குழிகளாக நிலைத்துவிடும். பூச்சு வேலை உள்ள வீட்டில் கொத்தனார் இவற்றையெல்லாம் மூடிவிடலாம். பூச்சே இல்லாத இச்சுவரில் பலகையைக் கழற்றும்போது வெளிப்படுவதுதான் இறுதி முகம் என்பதால், இந்த வீட்டின் வெளிச்சத்தில் பாதிப் பெருமை தச்சர்களுக்கே உரியது. அது அவர்களுக்குப் போதிய அளவில் தரப்படவில்லை.

நிலத்தை நடத்தும் விதத்திலும் இதே கண்டிப்பு தெரிகிறது. இரு பெட்டிகளுக்கும் இடையே அகன்ற கான்கிரீட் படிகள் சரிவோடு இறங்கி ஒரு முற்றமாகின்றன. அவை நடப்பதற்கு மட்டும் ஆனவை அல்ல. மரநிழல் விழும் தளமாகவும், வெயிலைப் பக்கத்து அறைகளுக்குத் திருப்பியனுப்பும் முகங்களாகவும் பயன்படுகின்றன. சாம்பல் நிறத்துக்குத் தனக்கென அழுத்தமான சாயல் இல்லாததால், இலைகளின் பச்சையும் இலையுதிர்காலச் செம்மையும் அதன்மேல் எளிதில் படிகின்றன. ஆஷியாவின் நண்பகல் வெயில் கோடையின் உச்சத்தில் ஏறத்தாழ 79 பாகை உயரத்திலும், குளிர்காலத்தின் அடியில் ஏறத்தாழ 32 பாகை உயரத்திலும் நிற்பதால், இம்முற்றம் ஆண்டு முழுவதும் ஒரே வெளிச்சத்தைப் பெறுவதில்லை.

1984-இல் சரிவின் மேற்புறம் சேர்க்கப்பட்ட பணிக்கூடம், கால்வட்டமாக வளைந்த சுவரைக் கொண்டது. இங்கும் வளைவின் ஓரமாகக் கூரையில் பிளவு உண்டு. முதற்பகுதியின் தட்டைச் சுவரில் கூரை விளிம்பின் நிழல் நேர்கோடாகவே விழுகிறது. வளைசுவரில் அதே வெயில் வில்லாக வளைந்து, மணிக்கு 15 பாகை நகரும் கதிரவனைத் தொடர்ந்து தன் வளைவை மாற்றிக்கொண்டே போகிறது. முதற்பகுதியின் ஒழுங்கைக் கலைக்கிறது என்று இச்சேர்க்கையைக் குறைகூற இடமுண்டு. ஆயினும் வார்ப்பு வேலையின் கண்ணோடு பார்த்தால் இதுவே துணிவு மிக்க பகுதி: தட்டைச் சுவரில் பலகை சிறிது தவறினால் ஒரு நிழல் கூடுதலாகத் தெரியும், வளைசுவரில் தவறினால் ஒளியின் வில்லே ஒடிந்து காட்டும், அதைத் திருத்தும் வாய்ப்பு கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.