ரோட்ஸ் தீவில் ஒரு பகல்

உல்லாசக் கப்பலில் யாத்திரை செய்கிறவர்களுக்கு ஒரு தேசத்தைப் பார்ப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு பகல் பொழுதுதான். காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது. மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதுகிறது. இதற்கிடையில் ஊரையும் பார்த்து, வயிற்றையும் கவனித்து, குழந்தைகள் யாரும் காணாமற் போகாமல் திரும்பி வந்து சேர வேண்டும். கிரேக்க நாட்டைச் சேர்ந்த ரோட்ஸ் தீவில் எங்களுக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஒரு பகல்தான். ஆனாலும், பல மாதம் தங்கிப் பார்த்த ஊர்கள் சில மனத்தை விட்டு மறைந்துவிட்டன. இந்த ஊர் மறையவில்லை.

ஈஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரைக்கு மிகவும் சமீபத்தில் இருக்கிறது ரோட்ஸ். டொடெக்கானீஸ், அதாவது 'பன்னிரண்டு தீவுகள்' என்று வழங்கும் கூட்டத்தில் இதுவே பெரியது. கப்பலில் இறங்கினவர்களில் பாதிப்பேர் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள லிண்டோஸுக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே செங்குத்தான பாறையின்மேல் அதீனா தேவியின் ஆலயம் இருக்கிறது. ஏற முடியாதவர்களுக்குக் கழுதைச் சவாரி உண்டு. எங்கள் கோஷ்டியில் எழுபத்திரண்டு வயதுப் பாட்டி இருந்தாள். "கழுதைமேல் ஏறித்தான் அம்மனைத் தரிசிக்க வேண்டுமென்றால் அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டபடியால், ரோட்ஸ் நகரத்தையே கால்நடையாகச் சுற்றுவதென்று தீர்மானமாயிற்று.

முதலில் மந்திராக்கி என்ற சிறு துறைமுகத்துக்குப் போனோம். எங்கள் பையனுக்கு வயது பத்து. உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்றான சூரிய தேவன் சிலை இங்கேதான் இருந்தது என்று அவன் படித்திருந்தான். கி. மு. 305-ல் டிமெட்ரியஸ் என்ற படைத்தலைவன் இந்நகரை முற்றுகையிட்டான். ஒரு வருஷம் போராடியும் பலிக்காமல், கோட்டையைத் தகர்ப்பதற்குக் கொண்டுவந்த பிரமாண்டமான யந்திரங்களை விட்டுவிட்டுப் போனான். ஜனங்கள் அவற்றை விற்று, அந்தப் பணத்தில் சுமார் முப்பத்து மூன்று மீட்டர் உயரத்துக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். லிண்டோஸ் ஊர்ச் சிற்பி காரெஸ் அதைப் பன்னிரண்டு வருஷத்தில் முடித்தான். அறுபது வருஷங்கூட அது நிற்கவில்லை. பூகம்பத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. விழுந்து கிடந்தபோதும் அதைக் காணக் கூட்டம் வந்ததாம். அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கக் கூடியவர்கள் சிலரே என்று ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். துறைமுக வாயிலின் இரு கரையிலும் கால் ஊன்றி அது நின்றது போலப் படங்களில் காண்பது பிற்காலத்துக் கற்பனை. இப்பொழுது அவ்விடத்தில் இரண்டு தூண்களின்மேல் ஒரு கலைமானும் ஒரு பெண்மானும் நிற்கின்றன. பையன் முகம் வாடிப் போயிற்று.

இந்தத் துறைமுகத்தாருக்குச் சிலையைவிடப் பெரிய கீர்த்தி ஒன்று உண்டு. புயலில் கப்பலைக் காப்பாற்றுவதற்காக ஒரு வியாபாரியின் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நஷ்டத்தைப் பிழைத்த சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ரோட்ஸ் கடற்சட்டம். ரோமானியர் அதை ஏற்றார்கள். இன்றும் கப்பல் வியாபாரத்தில் அந்த நியாயம் வழங்குகிறது. நம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டியபோது திராட்சை மதுச் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன அல்லவா? அவற்றுள் இந்த ஈஜியன் தீவுகளில் செய்யப்பட்ட ஜாடி வகைகளும் உண்டு. ஆகையால் இவ்வூர் மாலுமிகளுக்கும் நமக்கும் பழைய உறவு.

பழைய நகரம் முழுவதையும் சுற்றி சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்கோட்டை இருக்கிறது. அகழியில் தண்ணீர் இல்லை. பீரங்கிக் கல்குண்டுகள் பூசணிக்காய் போல ஆங்காங்கே கிடக்கின்றன. இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியவர்கள் கிரேக்கர்கள் அல்ல. ஜெருசலத்திலிருந்து துரத்தப்பட்ட செயின்ட் ஜான் சங்கத்துப் போர்வீரத் துறவிகள் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவைப் பிடித்து, இருநூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள்.

வீரத் துறவிகள் தெரு என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் இவ்வளவு பழுதின்றி நிற்கும் பழந்தெருக்கள் அபூர்வம். மேட்டை நோக்கி நேராக ஏறும் வீதி. கூழாங்கல் பதித்த தரை. இருபுறமும் கற்சுவர்களில் விருதுச் சின்னங்கள். அச்சங்கத்தார் தங்களை 'நாக்கு'களாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷையில் நாக்கு என்றால் மொழி என்றும் பொருள். பிரான்ஸ் நாக்குக்கு ஒரு மாளிகை, இத்தாலி நாக்குக்கு ஒன்று, ஸ்பெயினுக்கு ஒன்று, இப்படி முதலில் ஏழும் பின்னர் எட்டும் ஆயின. எங்கள் மூத்த பெண் தெருவின் நடுவில் நின்று, "எல்லாருக்கும் ஒரு நாக்கு இருக்கிறதே, இந்த ஊர்க்காரர்களுடைய நாக்கு எந்த வீட்டில் இருந்தது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. அன்று பகல் முழுவதும் அந்தக் கேள்விதான் எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது.

தெருவின் உச்சியில் தலைவரின் அரண்மனை. வெளியே பார்க்க மத்தியகாலத்துக் கோட்டைதான். உண்மையில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம். 1856-ல் சமீபத்தில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து அது பாழாயிற்று. 1912-ல் துருக்கியரிடமிருந்து தீவைக் கைப்பற்றிய இத்தாலியர் 1937 முதல் 1940 வரை அதைப் புதுப்பித்துக் கட்டினார்கள். எதற்காக? தங்கள் அரசரும் முசோலினியும் வந்து இளைப்பாறுவதற்காக! பக்கத்திலுள்ள கோஸ் தீவிலிருந்து பழைய வண்ணக்கல் தரைச் சித்திரங்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். கட்டி முடிந்த மூன்றாம் வருஷமே முசோலினி பதவி இழந்தார். இத்தாலியர்கள் சாலை போட்டார்கள், அழகான கட்டடங்கள் எழுப்பினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அந்நிய ஆட்சியார் சாலை போட்ட கதையை நம்மிடமும் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அரண்மனை எழத் தொடங்கிய அதே 1937-ல் பள்ளிக்கூடங்களில் இத்தாலியன் கட்டாயமாயிற்று. தீவின் சொந்த பாஷையாகிய கிரேக்கம் ஓரத்தில் தள்ளப்பட்டது.

இதைப்பற்றி எங்களுக்கு விளக்கியவர் ஒரு சிற்றுண்டிச் சாலைக்காரர். கடைவீதியிலிருந்து பிரியும் சந்தில், திராட்சைப் பந்தலின்கீழ் நாலு மேஜை போட்டிருந்தார். மாமிசம் சேர்க்காமல் என்ன இருக்கிறது என்று கேட்டோம். பிட்டரூதியா என்று ஒன்று கொண்டுவந்தார். கொண்டைக்கடலையுடன் வெங்காயமும் புதினாவும் சேர்த்துப் பொரித்த பண்டம். பாட்டி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "இது நம் மசால்வடைக்குத் தங்கை முறை, மிளகாய் மட்டும் போட மறந்துவிட்டார்கள்" என்றாள். பிறகு மெலெகூனி வந்தது. எள்ளும் தேனும் சேர்ந்த மிட்டாய். இங்கே கல்யாண வீடுகளில் வழங்குவது. எள்ளைக் கல்யாணத்தில் கொடுப்பதா என்று பாட்டி கொஞ்சம் யோசித்தாள். ஆனாலும் மூன்று துண்டு சாப்பிட்டாள்.

கடைக்காரர் கணக்குக் கூட்டும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்துச் சிரித்தோம். அவரும் சிரித்தார். "நான் கிரேக்கத்தில் எண்ணுகிறேன். என் தாயார் கடைசிக் காலம் வரையில் இத்தாலியனில்தான் எண்ணுவாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றாள். கிரேக்க எழுத்துக்களைக் கோயில் பாதிரியார் பிரார்த்தனை சொல்லிக் கொடுப்பதுபோலப் பாவனை செய்து சொல்லிக் கொடுத்தாராம்" என்றார். இதை அவர் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வடைக்கு விலை சொல்லும் குரலிலேயே சொன்னார்.

நம் நாடு விடுதலை பெற்ற அதே 1947-ல் இத்தீவுகள் கிரேக்க நிர்வாகத்தின்கீழ் வந்தன. 1948 மார்ச் 7-ம் தேதி முறைப்படி தாய்நாட்டுடன் இணைந்தன.

கதை இத்துடன் சுபமாக முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் கடைவீதியின் மேல்கோடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் சுலைமான் மசூதி நிற்கிறதே! 1522-ல் ஆறு மாத முற்றுகைக்குப் பிறகு வீரத் துறவிகளை வென்று நகரைப் பிடித்த துருக்கிச் சக்கரவர்த்தியின் பெயர் கொண்டது அது. துருக்கியர் ஆட்சியில் கிரேக்கர்கள் பொழுது சாய்வதற்குள் கோட்டைக்கு வெளியே போய்விட வேண்டும் என்ற விதி இருந்தது. மசூதிக்கு எதிரே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட ஒரு புத்தகசாலை. அரபி, பாரசீகம், துருக்கி ஏட்டுப் பிரதிகள் அங்கே இருக்கின்றன. 1923-ல் கிரீஸும் துருக்கியும் ஜனங்களை மாற்றிக்கொண்டபோது ரோட்ஸ் இத்தாலியர் வசம் இருந்தபடியால், இவ்வூர் முஸ்லிம்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் குழந்தைகளுக்குத் துருக்கி பாஷையில் கல்வி அளித்துவந்த ஏற்பாடு 1972-ல் நின்றுபோயிற்று. பாதிரியாரிடம் ஒளிந்து எழுத்துக் கற்ற ஜனங்களின் ராஜாங்கத்தில் இது நடந்தது. தாய்மொழியின் அருமையை அறிந்தவர்கள் அண்டை வீட்டாரின் தாய்மொழி விஷயத்தில் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதற்கு எங்களுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் யூதத் தியாகிகள் சதுக்கம் இருக்கிறது. நடுவில் வெண்கலக் கடற்குதிரைகள் அமைந்த நீரூற்று. ஸ்பெயினிலிருந்து 1492-ல் விரட்டப்பட்ட யூதர்களின் சந்ததியார் இந்தப் பேட்டையில் நானூறு வருஷம் போல வாழ்ந்தார்கள். வீட்டில் லடினோ என்ற பழைய ஸ்பானிஷ் பேசினார்கள். 1577-ல் கட்டிய அவர்கள் ஜபாலயம் இன்றும் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த குளிர்ந்த தரை. 1944 ஜூலையில் ஜெர்மானியர் 1,600-க்கு மேற்பட்ட யூதர்களைப் படகில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். பிழைத்தவர்கள் சுமார் 150 பேர். துருக்கி நாட்டு ஸ்தானிகர் செலாஹட்டின் உல்குமென் என்பவர் ஜெர்மானியத் தளபதியிடம் வாதாடி, துருக்கிப் பிரஜைகள் என்று சொல்லி நாற்பதுக்கு மேற்பட்டவர்களை மீட்டார்.

சதுக்கத்தில் கறுப்புக் கல்லில் ஒரு ஞாபகச் சின்னம். கிரேக்கமும் ஹீப்ருவும் உட்படப் பல மொழிகளில் எழுதியிருக்கிறது. எங்கள் பெண் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, மற்ற எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தாள். சுற்றிலும் கடைகளில் ஐஸ்கிரீம் விற்பனை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. லடினோவில் வந்தனம் எப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்டாள். மூன்று கடைகளில் கேட்டோம். கிரேக்கம், ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலியன் எல்லாம் பேசுகிறவர்கள் இருந்தார்கள். லடினோ தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாலரை மணி ஆகிவிட்டபடியால் பாட்டியைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு, கோட்டை வாயிலைத் தாண்டிக் கப்பலை நோக்கி நடந்தோம்.