கொப்பரையில் பூத்தது

இடவப்பாதி மழை பிடித்து மூன்றாவது வாரம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்த கொப்பரை நாலே நாளில் பூத்துவிட்டது. உள்பக்கம் முழுக்க மஞ்சளும் பச்சையும் கலந்த தூள். தொட்டால் திருநீறு மாதிரி விரலில் ஒட்டியது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பூப்பல் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். தொடச்சு வெயில்ல போடுங்க சார்."

"வெயிலுக்கு எங்கே போறது அண்ணாச்சி?"

சிரித்தார். மூன்று தலைமுறையாகச் சாலையில் கடை வைத்திருப்பவர். ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்த 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான தெரு இது. ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய தெருவும் இதுதான். இங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரு பூர்வீகம் சொல்வார்கள். பூப்பலுக்கும் இருக்கும்தானே?

தாவரவியல் கற்பிக்கும் நண்பரிடம் ஒரு சிட்டிகைத் தூளைக் கொடுத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது மெல்லிய தண்டு, நுனியில் உருண்டைத் தலை, தலையைச் சுற்றிலும் தெறித்துக் கிளம்பும் வித்துச் சரங்கள். அச்சு அசல் பன்னீர்ச்செம்பு! 1729-இல் இந்தப் பூசணத்துக்குப் பெயர் வைத்த இத்தாலியப் பாதிரியார் மிக்கேலிக்கும் தீர்த்தம் தெளிக்கும் கருவிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அதன் லத்தீன் பெயரிலிருந்து வந்ததே ஆஸ்பர்ஜில்லஸ். "நிறத்தைப் பார்த்தால் ஃபிளேவஸ் வகை" என்றார் நண்பர்.

அந்தப் பெயர்தான் என்னை நிறுத்தியது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்தப் பூசணம் சுரந்த நஞ்சுதான் காரணம். பூசணத்தின் பெயரைச் சுருக்கியே அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பூத்த மக்காச்சோளத்தைத் தின்று ஈரல் கெட்டு 106 பேர் இறந்தார்கள்.

"இதோட பங்காளியை ஜப்பான்காரன் தினமும் சாப்பிடறான், தெரியுமா?" என்றார் நண்பர். அதன் பிறகு ஒரு மாதம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பங்காளியின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே. தானியத்திலும் சோயாவிலும் வளர்த்து, சாக்கே மதுவும் மிசோவும் சோயா சாஸும் செய்கிறார்கள். 2005-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தார்கள். ஃபிளேவஸோடு ஒப்பிட்டால் 99 சதவீதத்துக்கும் மேல் ஒன்றே. நஞ்சு செய்யும் மரபணுக்களின் வரிசைகூட அதில் கிடக்கிறது. ஆனால் சில ரகங்களில் பாதி அறுந்துபோய், சிலவற்றில் எழுத்துப் பிழையாகி, வேலை செய்யாமல் கிடக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் மரபணுவோ, காட்டு உறவுக்கு ஒன்று என்றால் இதன் பல ரகங்களுக்கு இரண்டு, மூன்று.

மாற்றியது யார்? வியாபாரிகள்தான். வித்துத் தூளை விற்கும் கடைகள் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக உண்டு. கியோட்டோவில் பூசணம் ஏற்றிய அரிசியைச் செய்து விற்கும் ஏகபோக உரிமைக்காக 1444-இல் கலவரமே நடந்திருக்கிறது. நன்றாக இனித்த தட்டிலிருந்து அடுத்த ஈட்டுக்கு விதை எடுப்பார்கள். சரியில்லாத தட்டு குப்பைக்குப் போகும். பிரதி எடுக்கும்போது தற்செயலாக நேர்ந்த பிழைகளில் எது தங்குவது என்பதை இப்படிக் கடைக்காரனின் நாக்கு முடிவுசெய்தது. வேகவைத்த சோறும் காவலும் கிடைத்த பூசணத்துக்கு நஞ்சால் ஆகவேண்டியது என்ன?

இரண்டும் ஒரே இனம்தான், வசதிக்காக இரு பெயர் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அது சாலையில் அண்ணன் தம்பி கடையைப் பாகம் பிரிப்பதுபோலத் தோன்றுகிறது. நடுவில் சுவர் எழும்பிய அன்று சரக்கும் ஒன்று, தராசும் ஒன்று. பேரன் காலத்தில்தான் ஒன்று பாத்திரக்கடை, மற்றது பலசரக்கு என்றாகிறது. இந்தப் பூசணங்கள் இப்போது மகன் காலத்தில் இருக்கின்றன.

ஆனால் நம் கொப்பரையில் பூப்பது பழைய சரக்கைக் கைவிடாத மூத்தவன். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன்: துடைத்தாலும், காயவைத்தாலும், வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. மஞ்சள்பச்சை பூத்த கொப்பரையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள்; மாட்டுக்கும் வைக்காதீர்கள்.