வளையம் திறந்தால்

காலுறையின் விளிம்பை இழுத்தால் நீள்கிறது; விட்டால் சுருங்குகிறது. அந்த நூல் பிறக்கும் விதத்தை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல விழைந்து இதனை எழுதலானோம்.

ஸ்பான்டெக்ஸ் என்னும் இந்நூலை 1958இல் அமெரிக்காவில் ஜோசப் ஷைவர்ஸ் உருவாக்கினார். இதன் நெகிழும் பகுதி பெரும்பாலும் டெட்ராஹைட்ரோபியூரான் என்ற திரவத்தினின்று பெறப்படுவது. அதன் மூலக்கூறு நான்கு கரியணுக்களும் ஓர் ஆக்சிஜனும் கோத்த வளையம். நேர்மின் துகள் ஒன்று அந்த ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டால், அருகிலுள்ள கரியணுவின் பிடி தளர்கிறது. அடுத்த வளையத்தின் ஆக்சிஜன் அக்கரியணுவைத் தாக்க, முதல் வளையம் திறந்து நீள்கிறது. மின்னேற்றம் புதிய வளையத்துக்குப் போய்ச் சேர்கிறது. இவ்வாறே பல வளையங்கள் சேர்ந்து சங்கிலியாகின்றன.

எல்லா வளையமும் எளிதில் திறவாது. மூவணு வளையம் வளைத்த வில் போன்றது, திறக்கத் துடிக்கும். ஆறணு வளையமான டெட்ராஹைட்ரோபைரான் சுகமாக அமர்ந்து அசையாது. நம் ஐந்தணு வளையமோ இடைப்பட்டது. சூடு சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் சங்கிலி மீண்டும் வளையங்களாகிவிடும். ஈரமும் பகை: ஒரு துளி நீர் வளரும் முனையை அடைத்துவிடும். மழைக்காலத்துக் கொல்கத்தாவில் அப்பளமே நமத்துப்போகிறதே!

1928இல் சி. வி. இராமன் ஒளிச்சிதறலைக் கண்டறிந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் பின்னர் பௌபஜாரிலிருந்து ஜாதவ்பூருக்குப் பெயர்ந்தது. அங்கே பேராசிரியர் சாந்தி ரஞ்சன் பாலித், வேறுவகைப் பாலிமர்களின் முனைகளைச் சாயங்களால் அடையாளம் காணும் முறைகளை வகுத்தார். சங்கிலியைத் தொடங்கிவைத்தது யார் என்பதை அதன் முனையே சொல்லிவிடும்.

நம் இல்லங்களில் ஓயாத கவலை ஒன்றுண்டு. வங்காளத் தோழியரோடு வளரும் பெண் தமிழை இழந்துவிடுவாளோ என அஞ்சி, வட்டத்தை மூடிக்கொள்ள எண்ணுகிறோம். நைலான் 66 இழை உருவாகையில் ஒவ்வோர் இணைப்பிலும் நீர் வெளியேறுகிறது. இணைவதற்கு எதையேனும் இழந்தாக வேண்டும். வளையம் திறந்து உண்டாகும் சங்கிலியிலோ ஓர் அணுவும் குறைவதில்லை. உருவம் மட்டுமே மாறுகிறது. நம் பெண்களையும் பிள்ளைகளையும் அவ்வாறே ஊரோடு இணைய விடுவோம். தொடக்கமாய்த் தமிழை நாம் அளித்திருந்தால், சங்கிலி எத்துணை நீண்டாலும் அதன் முனையில் அது இருக்கும். அளிக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. அதை லேக் மார்க்கெட் கடைகளில் வாங்க இயலாது.