கொடுக்கும் வீடு

மகளுக்குக் கட்டும் வீட்டின் முகப்பில் பெரிய கண்ணாடி வைக்க ஆசைப்பட்டேன். மகள் விடவில்லை. "வாப்பா, வெயில் உள்ளே வந்தால் ஏசி கேட்கும். தாழ்வாரத்தை நீட்டுங்கள், கூரையில் சூரியத் தகடு போடுங்கள்" என்றாள்.

ஜேர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ரொல்ஃப் டிஷ் 1994இல் கட்டிய வீடு சூரியனோடு சுழன்று, செலவழிப்பதைவிடக் கூடுதலாக மின்சாரம் தருகிறதாம். கிதாபு ஓதிய எனக்கு இது புதினம்! சகோதரிகளே, நம் கூரைகள் சுழலத் தேவையில்லை. உச்சி வெயில் அவற்றின் மேலேதான்.

2022இன் 13 மணி நேர மின்வெட்டுக்கும் இதுவே மருந்து என்றிருந்தேன். மின்வேலைக்காரர் சிரித்தார். "மௌலவி, பற்றரி இல்லாவிட்டால் லைன் கரண்ட் போனதும் தகடும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறுபவரின் உயிருக்காக."

கண்ணாடியை விட்டேன். பற்றரிக்கும் காசில்லை. முதல் மாதம், வாங்கியதைவிடக் கொடுத்தது கூடுதல். மகள் பில்லை உம்மாவிடம் காட்டினாள். குப்பி விளக்கு இன்னும் அலுமாரி மேலேதான்.