யார் மாற்றியது?

லண்டன் அலுவலகங்களில் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் பாதி வேலை நடக்கிறது. அன்றைய கணக்கை முடிப்பது, வங்கிக்கு ஃபைல் அனுப்புவது எல்லாமே நேரம் குறித்து வைத்த ஜாப்கள். இரவு இரண்டு மணிக்கு ஓடவேண்டியது ஐந்து மணிக்கு ஓடினால் சப்ளையருக்குப் பணம் போகாது. காலையில் முதல் கேள்வி, "யார் மாத்தினது?"

எஸ்கியூஎல் சர்வரில் ஜாப் விவரங்கள் எம்எஸ்டிபி என்ற டேட்டாபேஸில் இருக்கின்றன. கடைசியாக மாற்றிய நேரம் அதில் உண்டு. மாற்றியவர் பெயருக்கு இடமே இல்லை. 'ஓனர்' என்று ஒரு பெயர் நிற்கும். அவசரக்காரர்கள் அவரையே பிடித்துக்கொள்வார்கள். ஜாப் அவர் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆடிட்டை முன்பே போட்டு வைத்திருந்தால் மட்டுமே ஆள் தெரியும். எஸ்ஏபியின் ஜாப் பட்டியலில் கடைசியாக மாற்றியவர் பெயர் கிடைக்கும். ஆனால் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்தவர்தானே கடைசியாகத் தொட்டவர்! உதவிக்கு வந்தவர் பெயரே குற்றவாளிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

சில நாள் யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரம் ஒரு மணியிலிருந்து நேரே இரண்டுக்குத் தாவும். அன்று ஒன்றரை மணி என்பதே கிடையாது. ஆட்களைக் கேட்கும் முன் நான் காலண்டரைப் பார்த்துவிடுவேன்.

என்னை உறுத்துவது பொது ஐடிதான். லண்டன் பகல் ஷிஃப்டும் சென்னை ஷிஃப்டும் ஒரே அட்மின் ஐடியில் உள்ளே வருவார்கள். இங்கே இரவு இரண்டு என்றால் கோடையில் அங்கே காலை ஆறரை. நேரத்தைப் பார்த்ததும் சந்தேகம் சென்னைக்குத்தான் பறக்கிறது. இது அநியாயம்.

எவ்வளவு பெரிய அநியாயமாக இது வளரும் என்பதை பிரிட்டன் தபால் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான ஹொரைசன் பற்றிய வழக்கு காட்டியது. கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்றே தபால் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தது. 2019 டிசம்பர் 16 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஃப்ரேசர் அதை உடைத்தார். கிளை நடத்தியவருக்குத் தெரியாமலே, ஹொரைசனை உருவாக்கிய ஃபுஜிட்சுவின் ஊழியர்களால் அவர் கணக்கில் பதிவுகளைச் செருக முடிந்திருக்கிறது. பழைய ஹொரைசனில் அது அவரே செய்ததுபோலத் தோன்றவும் வழி இருந்தது. அதற்குள் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகியிருந்தார்கள். கிளை நடத்திய சீமா மிஸ்ரா 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார். அவருடைய தண்டனை ரத்தானது 2021 ஏப்ரலில்தான்.

ஆளுக்கு ஒரு ஐடி, ஆடிட் எப்போதும் ஓடவேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான். அதுவரை என் ரிப்போர்ட்டில் "இந்த ஐடியில் மாற்றம் நடந்தது" என்றுதான் இருக்கும். எந்த கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வந்தார்கள் என்ற லாக் கைக்கு வராமல், யார் பெயரையும் போட்டு சென்னைக்கு மெயில் போகாது.