மெயினை அணைங்க, லண்டன் கேட்கும்!

ஷார்ட்வேவ் ரேடியோவுக்கு எல்லோரும் சேர்ந்து பால் ஊற்றியாகிவிட்டது. 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது, பல வீடுகளில் ரேடியோ பரணுக்குப் போனது. ஆனால், பி.பி.சி.யின் ஆங்கிலச் செய்தியும் இன்னும் சில நாடுகளின் ஒலிபரப்பும் ஷார்ட்வேவில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகின்றன. உள்ளே நுழையத்தான் முடியவில்லை. காரணம், நாம்தான்.

என் அப்பா ரிட்டையர்ட் இங்கிலீஷ் வாத்தியார். வயசு 78. ஊரில் இருந்தவரை ராத்திரி பி.பி.சி. நியூஸ் கேட்காமல் படுத்ததில்லை. அம்மா போன பிறகு சென்னைக்கு எங்களோடு வந்தார். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு டிரான்சிஸ்டர். எங்கள் ஃப்ளாட்டில் அதை ஆன் செய்தால் 'ஸ்ஸ்ஸ்... கர்ர்ர்' என்று வடைச் சட்டி சத்தம் மட்டும்.

அப்பா ரேடியோவைக் குறை சொல்லவில்லை. "காது போச்சுடா" என்றார். கொஞ்ச நாளில் போனை எடுப்பதை விட்டார். பேரனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதை விட்டார். "நீங்க பேசுங்கப்பா, எனக்கெங்க கேக்கப் போவுது" என்று பால்கனியில் ஒதுங்கினார். காது டாக்டர் பரிசோதித்து, "வயசுக்கு நல்லாவே இருக்கு" என்றார். அப்பா நம்பவில்லை. "ஆறுதலுக்குச் சொல்றாருடா."

அவரை நம்பவைக்க ஒரே வழி, அந்த ரேடியோவைப் பேச வைப்பது.

ஒரு ராத்திரி பேட்டரி ரேடியோவை அவர் மடியில் வைத்துவிட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தேன். கர்ர்ரில் பெரும்பகுதி காணோம்! கிணற்றுக்குள்ளிருந்து யாரோ இங்கிலீஷ் பேசுகிற மாதிரி ஒரு குரல். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொரு சாமானாக ஆன் செய்தேன். கூண்டில் ஏறிய குற்றவாளிகள்: மொபைல் சார்ஜர், டி.வி. அடாப்டர், ஹால் எல்.இ.டி. பல்புகள். எல்லோருக்கும் தலைவன், பூஜையறையில் பிள்ளையாருக்குப் பின்னால் சுற்றுகிற கலர் விளக்கு. இவற்றின் உள்ளே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி ஒலிபரப்பு. வீட்டு வயரிங் முழுக்க அதற்கு ஏரியல். பிள்ளையார் பழையபடி எண்ணெய் விளக்குக்கு மாறினார். அவர் ஆட்சேபிக்கவில்லை, என் மனைவி ஆட்சேபித்தாள்.

சரி, நம் வீட்டை அணைக்கலாம். மற்ற 23 ஃப்ளாட்களை? 

ரிச்சி தெருவில் விசாரித்தேன். "பூஸ்டர் போடுங்க சார், பிச்சுக்கிட்டுக் கேக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். பூஸ்டருக்கு லண்டன் எது, அடுத்த வீட்டு பல்பு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்தி என்ன பிரயோஜனம்? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் லேபரட்டரியின் கார்ல் ஜான்ஸ்கிக்குக் கொடுத்த வேலையே இதுதான்: கடல் தாண்டிய ரேடியோ டெலிபோனில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி! கார் சக்கரங்களின் மேல் சுழலும் ஒரு பெரிய ஆன்டெனாவைக் கட்டி, சத்தங்களை இனம் பிரித்தார். பக்கத்து இடி ஒன்று, தூரத்து இடி ஒன்று. மிச்சமிருந்த மெல்லிய 'ஸ்ஸ்' பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933-ல் அறிவித்தார். ரேடியோ வானியலே அங்கேதான் பிறந்தது. நமக்குப் பால்வீதி வேண்டாம், பி.பி.சி. போதும்.

மொட்டை மாடிக்குப் போனேன். 31 மீட்டர் பேண்டுக்கு அலையின் பாதி, சுமார் 15 மீட்டர் கம்பி. நடுவில் வெட்டி ஏழரை, ஏழரையாக இரண்டு கை. வீடுகளிலிருந்தும் கரண்ட் கம்பிகளிலிருந்தும் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, துணி காயப்போடும் கொடி மாதிரி கட்டினேன். அங்கிருந்து கீழே ரேடியோவுக்கு, டிஷ்ஷுக்குப் போடுகிற கேபிள்.

இங்கேதான் சூட்சுமம். வீட்டுச் சத்தம் இந்த கேபிளின் வெளித்தோலைப் பிடித்துக்கொண்டு பால்காரர் மாதிரி மாடியேறிவிடும். அதைத் தடுக்க, ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டும். மேலே ஒன்று, ரேடியோ பக்கத்தில் ஒன்று. கம்பியும் கேபிளும் சேருமிடத்தில், ஒன்றையொன்று தொடாத இரண்டு சுற்றுகள் கொண்ட ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு எர்த்தோடு எந்த உறவும் கூடாது. இடி, மழை வந்தால் முதல் வேலையாக கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும்.

அசோசியேஷன் செக்ரெட்டரி ஓடி வந்தார். "என்ன சார் இது, டவரா? கதிர்வீச்சு வருமா?"

"வராது சார். இது பேசாது, கேட்டுக்க மட்டும் செய்யும்."

"நானும் வீட்ல அப்படித்தான்" என்று பெருமூச்சோடு அனுமதி கொடுத்தார்.

அன்று ராத்திரி நியூஸ் வாசித்தவரின் குரல் கூடத்தில் நின்று பேசுகிற மாதிரி வந்தது. அப்பா பேரனைக் கூப்பிட்டு, தலைப்புச் செய்திகளை டிக்டேஷன் எழுதச் சொன்னார். பத்து வார்த்தைக்கு மூன்று ஸ்பெல்லிங் தப்பு, காதைத் திருகினார். நியூஸ் முடிந்ததும் அவராகவே போனை எடுத்து ஊருக்கு, அத்தையிடம் பேசினார்.

"காதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இவன் வீட்லதான் கோளாறு."

உங்கள் வீட்டிலும் யாராவது பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு முழித்தால், ரேடியோவையும் காதையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் மெயினை அணைத்துப் பாருங்கள். சீரியல் நேரத்தில் மட்டும் வேண்டாம். அப்போது எழும் சத்தத்தை எந்த ஃபெரைட் வளையமும் தடுக்காது.